செத்த கோழியைத் தூக்கி எறியாதீர்கள்

(வாலாஜாபாத் வட்டாரக் கோழி, வாத்து வளர்ப்போருக்கான பண்ணை வானொலிப் பேச்சு)



நம்ம வாலாஜாபாத் சுற்று வட்டாரத்தில் நெல் ஒரு வருமானம், தறி ஒரு வருமானம். நெல் பணம் போகத்துக்கு ஒரு தடவை வரும். தறிக்கூலி சேலை அறுத்துக் கொடுத்த பிறகுதான் வரும். நடுவிலே பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், அவசரத்துக்கு ஒரு பஸ் செலவு என்று கைக்கு உதவுவது கோழியும் முட்டையும்தான். இப்போது ஆயிரம், இரண்டாயிரம் கறிக்கோழி என்று கொட்டகை போட்டவர்களும் இருக்கிறார்கள். அதனாலே கோழி சாகிறது என்றால் அது சின்ன நஷ்டம் ஆகாது.

கோழி செத்தவுடன் எல்லோரும் சொல்கிற பெயர் ஒன்றுதான்: வெள்ளைக்கழிச்சல். அதற்குத் தடுப்பு மருந்து போட்டிருந்தால், "ஊசி போட்டுங்கூடப் போயிடுச்சே, இனிமே எதுக்கு ஊசி?" என்று அலுத்துக்கொள்கிறார்கள். ஆனால் செத்த கோழி எல்லாமே வெள்ளைக்கழிச்சலில் சாகவில்லை. அந்த ஊசி தடுக்க முடியாத வேறு கிருமிகளும் உண்டு. அதில் ஒரு வம்சத்தைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

ஏற்கெனவே தெரிந்த குடும்பம்

இந்தக் கிருமி வம்சத்தின் பெயர் கிளாஸ்டிரிடியம். பெயர் புதிதாக இருக்கும். ஆனால் இவை செய்யும் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். மாட்டுக்குத் தொடை வீங்கி, தொட்டால் நறநறவென்று சத்தம் கேட்குமே, அந்தச் சப்பை நோய் இந்த வம்சம். மழை பெய்து இளம்புல் முளைத்த உடனே கொழுத்த ஆடு துள்ளி விழுந்து சாகுமே, அந்தத் துள்ளுமாரி இந்த வம்சம். காலில் ஆணி குத்தினால் ஊசி போடச் சொல்கிறோமே, அந்த ரண ஜன்னியும் இந்த வம்சம்தான்.

இவற்றுக்குப் பொதுவான குணம் இரண்டு. காற்றுப் படாத இடத்திலேதான் பெருகும்: குடலுக்குள்ளே, அழுகின சதைக்குள்ளே, ஏரிச் சேற்றுக்குள்ளே. இது முதல் குணம். வெயில், காய்ச்சல், பட்டினி என்று கஷ்டகாலம் வந்தால் கெட்டியான ஓடு போட்டுக்கொண்டு வித்து மாதிரி மண்ணில் தூங்கும். இது இரண்டாவது குணம். அந்த வித்து வருஷக்கணக்கில் கிடக்கும். சாதாரணமாகக் கொதிக்க வைத்தாலும் சாகாது, பினாயில் தெளித்தாலும் அசையாது. நேரம் பார்த்து முளைத்து விஷத்தைக் கக்கும். கோழியைக் கொல்வது பெரும்பாலும் அந்த விஷம்தான்.

வித்தை மண்ணிலிருந்து ஒழிக்க நம்மால் ஆகாது. முளைக்க இடம் கொடுக்காமல் இருக்க முடியும். இந்தப் பேச்சில் சொல்லப்போவது முழுக்க அதுதான்.

கறிக்கோழிக் கொட்டகையில் குடல் அழுகல்

முதலாவது, கொட்டகைக் கோழிக்கு வரும் குடல் அழுகல் நோய். டாக்டர்கள் இதை நெக்ரோடிக் என்டரைட்டிஸ் என்பார்கள். 1961-ல் இங்கிலாந்தில் முதன்முதலாக இதை விவரித்து எழுதினார்கள். இன்று கறிக்கோழி வளர்க்கிற எல்லா நாட்டிலும் இருக்கிறது. இரண்டு வாரத்திலிருந்து ஆறு வார வயதுக் கோழிக்கு அதிகமாக வரும்.

இதைச் செய்வது கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்கிற கிருமி. ஆரோக்கியமான கோழியின் குடலிலேயே இது கொஞ்சம் குடியிருக்கும். வீட்டில் ஒரு மூலையில் சும்மா கிடக்கும் நெருப்புப்பொறி மாதிரி. அது பற்றிக்கொள்ள வைக்கோல் வேண்டும். அந்த வைக்கோல் எது தெரியுமா? பெரும்பாலும் ரத்தக்கழிச்சல். ரத்தக்கழிச்சல் கிருமி குடலின் உள்சுவரைச் சுரண்டிப் புண்ணாக்கும். புண்ணிலிருந்து சத்து நீர் கசியும். அந்தச் சத்தைத் தின்று பெர்ஃபிரிஞ்சன்ஸ் ஒன்று பத்தாய், பத்து ஆயிரமாய்ப் பெருகி விஷம் கக்கும். அந்த விஷம் குடலின் அணுக்களில் ஓட்டை போடுகிறது என்று 2008-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அதற்கு நெட்-பி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

தீனியும் ஒரு காரணம். மக்காச்சோளம் விலை ஏறும்போது கோதுமையைக் கூட்டிப் போட்டால் குடலில் இரை பசை மாதிரி ஆகிவிடும். கருவாட்டுத் தூள் அளவுக்கு மீறினாலும் இந்தக் கிருமிக்கு விருந்துதான். ஒரு தீனியிலிருந்து வேறு தீனிக்கு ஒரே நாளில் மாற்றுவதும் தவறு. நாலைந்து நாள் பழையதும் புதியதும் கலந்து படிப்படியாக மாற்றுங்கள்.

அடையாளம் என்ன? நேற்று மாலை நன்றாகத் தின்ற கோழி, சதைப்பிடிப்பான கோழி, காலையில் செத்துக் கிடக்கும். உயிரோடு இருப்பவை இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி, தீனித் தட்டுப் பக்கம் போகாமல் நிற்கும். எச்சம் கரும்பழுப்பாக, நாற்றத்தோடு இருக்கும். நாள் ஒன்றுக்கு நூற்றுக்கு ஒன்று வீதம்கூடச் சாகும். டாக்டர் அறுத்துப் பார்த்தால் சிறுகுடல் காற்றடைத்து உப்பியிருக்கும். உள்சுவர் பூத்துவாலை மாதிரி சொரசொரவென்று, பழுப்புத் தோல் படிந்து இருக்கும்.

சில கொட்டகையில் சாவே இருக்காது. தீனி இறங்கும், எடை மட்டும் ஏறாது. இந்த மறைவான நோய்தான் நமக்குத் தெரியாமல் பணத்தைத் தின்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் கோழியில் ஒவ்வொன்றும் 100 கிராம் எடை குறைந்தால் 100 கிலோ கறி போச்சு. ஒரு கோழியும் சாகவில்லை, ஆனால் லாபம் செத்துவிட்டது.

கூளத்தைக் கையில் பிடித்துப் பாருங்கள்

இதற்கெல்லாம் தாய் வீடு ஈரக் கூளம். நெல் உமியோ, கடலைத் தோலோ, மரத்தூளோ, எதைப் பரப்பினாலும் சரி, உலர்ந்து இருக்க வேண்டும். ரத்தக்கழிச்சல் கிருமி ஈரத்தில்தான் பக்குவமடையும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம்ம பக்கம் சாரல் அடிக்கும். அப்போதுதான் கவனம் அதிகம் வேண்டும்.

கருவி ஒன்றும் வேண்டாம். ஒரு பிடி கூளத்தை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்தால் கொழுக்கட்டை மாதிரி உருண்டு நின்றால் ஈரம் அதிகம். மெல்ல உதிர்ந்தால் பதம் சரி. தினமும் ஒரு முறை கிளறி விடுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றி ஈரமான கூளத்தை அன்றன்றைக்கே வாரி வெளியே போட்டுப் புதுசு போடுங்கள். லேசாகச் சுண்ணாம்புத் தூள் தூவிக் கிளறலாம். அப்போது காற்றோட்டம் இருக்கட்டும். ஒரு கறிக்கோழிக்கு ஒரு சதுர அடியாவது இடம் கொடுங்கள். நெருக்கினால் கூளம் காயவே காயாது. சாரல் அடிக்கும் பக்கம் படுதா கட்டுங்கள். ஆனால் நாள் முழுக்க மூடி வைத்துப் புழுக்க வைக்காதீர்கள்.

ஒரு கூட்டம் விற்றுப் போனதும் பழைய கூளத்தைச் சுத்தமாக வாரி, தரையைச் சுரண்டிக் கழுவி, நன்றாகக் காய விட்டு, சுண்ணாம்பு அடித்து, இரண்டு வாரமாவது கொட்டகையைச் சும்மா விடுங்கள்.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை

நோய் வந்தால் மருந்து உண்டு. தண்ணீரில் கலந்து கொடுக்கிற நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்துகள் கேட்கும். ஆனால் எந்த மருந்து, எத்தனை நாள் என்பதைக் கால்நடை டாக்டர்தான் சொல்ல வேண்டும். மருந்து கொடுத்த கோழியை எத்தனை நாள் கழித்துக் கறிக்கு விற்கலாம் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

"நோயே வராமல் இருக்கத் தீனியிலே தினமும் கொஞ்சம் மருந்து கலந்திடலாமே?" என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். தினமும் மருந்தைப் பார்க்கும் கிருமி அதற்குப் பழகிப் போகும். பிறகு கோழிக்கும் கேட்காது, நமக்கும் கேட்காது. வளர்ச்சிக்காகத் தீனியில் இப்படி மருந்து கலப்பதைச் சுவீடன் நாடு 1986-லேயே தடை செய்தது. குடல் அழுகல் நோய் பெருகிவிடுமோ என்ற பயம் அவர்களுக்கும் இருந்தது. கொட்டகை, கூளம், தீனி, ரத்தக்கழிச்சல் தடுப்பு இவற்றைச் சீர்செய்து சமாளித்தார்கள். 2006 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் அந்தத் தடை வந்தது. அவர்களுக்கு முடிந்தது நமக்கும் முடியும்.

காடை வளர்ப்போருக்கு

காடை வைத்திருப்பவர்களும் கேளுங்கள். இதே வம்சத்தில் கிளாஸ்டிரிடியம் கோலினம் என்று ஒன்று உண்டு. குடல் முழுக்கப் புண் புண்ணாக்கும். முதலில் அமெரிக்காவில் காடைகளில் தெரிந்ததால் இதற்குக் 'காடை நோய்' என்றே பெயர். கோழிக்கு வந்தால் நூற்றுக்குச் சில சாகும். இளம் காடைக்கு வந்தால் கூட்டமே காலியாகலாம். எச்சத்தில் இருக்கிறது கிருமி. ஈ அதைப் பரப்புகிறது. ஆகவே காடையைக் கம்பி வலைத் தரையில் வளர்த்து, எச்சம் கீழே விழும்படி செய்யுங்கள். கோழிக்கும் காடைக்கும் ஒரே கூடு வேண்டாம்.

கழுத்துத் துவண்டால் அது வேறு நோய்

இனிமேல் சொல்வது வீட்டுக் கோழிக்கும் வாத்துக்கும் முக்கியமானது. பாட்டுலிசம் என்கிற விஷ நோய். செய்வது கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம்.

கோழியோ வாத்தோ செத்து வெளியே கிடக்கிறது. உடம்புக்குள் காற்று இல்லை, சூடு இருக்கிறது, சதை இருக்கிறது. வித்து முளைத்து விஷத்தை ஊற வைக்கிறது. ஈ வந்து முட்டையிட்டுப் புழு நெளிகிறது. புழு அந்த விஷத்தை உடம்பில் சேர்த்துக்கொள்ளும், ஆனால் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. புழுவைக் கண்டால் கோழி விடுமா? கொஞ்சம் புழு பொறுக்கினாலே போதும், கோழி விழுந்துவிடும். அது செத்து, அதிலே புழு வைத்து, அதைத் தின்று அடுத்தது சாகும். இப்படியே சங்கிலி மாதிரி போகும்.

விஷம் நரம்பிலிருந்து சதைக்குப் போகிற கட்டளையைத் தடுத்துவிடும். முதலில் கால் தளரும், பிறகு இறக்கை தொங்கும், பிறகு கழுத்து துவண்டு தரையில் விழும். இமை பாதி மூடியபடி இருக்கும். கோழியின் இறகு தொட்டால் கையோடு வரும். வாத்து தண்ணீரில் இருந்தால் தலையைத் தூக்க முடியாமல் மூழ்கியே சாகும்.

வெள்ளைக்கழிச்சலிலும் கழுத்துக் கோளாறு வருமே என்பீர்கள். வித்தியாசத்தை மனசிலே வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்கழிச்சலில் கழுத்து முறுக்கிக்கொள்ளும், பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். பாட்டுலிசத்தில் கழுத்து ஈரத் துணி மாதிரி துவளும். இது வீட்டில் சந்தேகப்பட மட்டும். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

கோழிக் குஞ்சுக்குக் கரையான் போடுகிறோமே, அது ஆபத்தா என்று கேட்கலாம். பானையில் சாணி, வைக்கோல் வைத்துப் பிடிக்கும் கரையான் நல்ல தீனி, தாராளமாகப் போடுங்கள். செத்த உடம்பில் நெளியும் புழுதான் எமன்.

வாத்து மேய்ப்பவர்களுக்கு

அறுவடை முடிந்த கழனிகளில் நூற்றுக்கணக்கில் வாத்து ஓட்டி வந்து மேய விடுகிறீர்கள். சிந்தின நெல்லும் நத்தையும் வாத்துக்கு, எருவு கழனிக்கு. நல்ல ஏற்பாடு. ஆனால் நவரை அறுவடை முடிந்த சித்திரை, வைகாசியைப் பாருங்கள். ஏரிகள் வற்றி நடுவில் கொஞ்சம் சேற்றுத் தண்ணீர் நிற்கும். அதில் மீன் செத்து மிதக்கும். வெயில் கொளுத்தும். சூடு, சேறு, அழுகல் மூன்றும் சேர்ந்த அந்தக் குட்டைதான் இந்தக் கிருமிக்குக் கழனி. தென்னேரி ஆகட்டும், உங்கள் ஊர்ச் சித்தேரி ஆகட்டும், மீன் செத்து நாறுகிற தண்ணீரில் வாத்தை இறக்காதீர்கள். ஓரிரண்டு வாத்து தள்ளாடினால் அன்றைக்கே கூட்டத்தை இடம் மாற்றுங்கள். தள்ளாடும் வாத்தைப் பிரித்து நிழலில் வைத்து, தலையைத் தூக்கிப் பிடித்து நல்ல தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். விஷம் குறைவாகப் போயிருந்தால் சில நாளில் தேறிவிடும்.

இது எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. ராஜஸ்தானில் சாம்பார் ஏரி என்று ஒரு பெரிய உப்பு ஏரி. 2019 நவம்பரில் அங்கே 18,000-க்கும் மேற்பட்ட பறவைகள் செத்தன. வெளிநாட்டிலிருந்து வலசை வந்த வாத்துகளும் அதில் அடக்கம். பறவைக் காய்ச்சலோ என்று பயந்தார்கள். பரேலியில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையம் சோதித்துப் பாட்டுலிசம் என்று சொன்னது. அங்கே முக்கியமாகச் செய்த வேலை என்ன தெரியுமா? செத்த பறவைகளைப் பொறுக்கிக் குழியில் புதைத்தார்கள். தள்ளாடியவற்றை மீட்டுத் தனியே வைத்துக் காப்பாற்றினார்கள். 2024-லும் அதே ஏரியில் நோய் திரும்ப வந்தது. வித்து சேற்றிலேயே காத்திருந்தது.

நமக்கும் பக்கத்திலே வேடந்தாங்கல், கரிக்கிலி இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக அந்தப் பறவைகளைக் காத்து வந்தவர்கள் நம் உழவர்கள். ஏரிக்கரையில் செத்த கோழியைப் போடாமல் இருப்பதும் அந்தக் காவலில் சேர்ந்ததுதான்.

குழி தோண்ட அரை நாள்

செத்த கோழியை முள்வேலிக்கு அப்பால் வீசுவது, குப்பைமேட்டில் போடுவது, ஏரியில் எறிவது, நாய்க்குப் போடுவது இந்த நான்கும் கூடாது. நாய் இழுத்து வந்து பக்கத்து வீட்டு வாசலில் போடும். அதை நம் கோழியே போய்க் கொத்தும்.

நாலைந்து அடி ஆழத்தில் குழி தோண்டுங்கள். கோழியைப் போட்டுச் சுண்ணாம்பு தூவி, குறைந்தது இரண்டடி மண் மூடி, மேலே முள்ளும் கல்லும் வையுங்கள். பாலாற்றங்கரை மணற்பாங்கில் ஊற்று மேலேயே இருக்கும். கிணற்றுக்கும் ஆற்றுக்கும் எட்டத்தில், மேடான இடத்தில் தோண்டுங்கள். எரிக்க வசதி இருந்தால் முழுக்கச் சாம்பலாக எரிப்பது இன்னும் நல்லது. கொட்டகை வைத்திருப்பவர்கள் காலையும் மாலையும் சுற்றிப் பார்த்து, செத்ததை உடனே எடுக்க வேண்டும். ஒரு நாள் கூளத்தில் புதைந்து கிடந்தாலே போதும், சங்கிலி தொடங்கிவிடும்.

கோழி எருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். செத்த கோழி கலந்த எருவை நிலத்தில் கொட்ட, அங்கே மேய்ந்த மாடுகள் இதே விஷத்தில் விழுந்தது பல நாடுகளில் நடந்திருக்கிறது. ஆகவே எருவில் செத்த கோழி ஒன்றுகூடக் கலக்கக் கூடாது. நன்றாக மக்க வைத்து, உழுது மண்ணோடு புரட்டி விடுங்கள்; மாட்டை உடனே அங்கே மேய விடாதீர்கள்.

சாகப்போகிற கோழியை அறுத்துக் குழம்பு வைக்கிற பழக்கமும் வேண்டாம். "வீணாப் போகுதே" என்ற ஆதங்கம் புரிகிறது. எந்த நோய், எந்த விஷம் என்று பார்வைக்குத் தெரியாது. நல்ல கோழிக் குழம்பைக்கூட வெதுவெதுப்பாக ராத்திரி முழுக்க அடுப்படியில் வைத்துக் காலையில் சாப்பிட்டால் பெர்ஃபிரிஞ்சன்ஸ் அதில் பெருகி வயிற்றுவலியும் பேதியும் வரும். சூடாகச் சாப்பிடுங்கள், மிச்சமானால் சீக்கிரம் ஆறவைத்துக் குளிரில் வையுங்கள், மறுபடி நன்றாகக் கொதிக்க வைத்துச் சாப்பிடுங்கள்.

யாரிடம் போவது?

ஒன்றுக்கு மேல் திடீரென்று செத்தால் நீங்களே அறுத்துப் பார்க்காதீர்கள். பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். வெறும் கையால் தொடவும் வேண்டாம். பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். 1962 என்ற எண்ணுக்கும் கூப்பிடலாம். டாக்டர் சொன்னால், புதிதாகச் செத்த கோழியைப் பிளாஸ்டிக் பையில் இரண்டு சுற்றுக் கட்டி, பனிக்கட்டி வைத்துக் கொண்டுபோங்கள். அழுகினதைக் கொண்டுபோய்ப் பயனில்லை. செத்த எல்லா உடம்பிலும் இந்தக் கிருமி வளரும், எது நோய் எது அழுகல் என்று தெரியாது. கோழி வளர்ப்பில் பயிற்சி வேண்டுவோர் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தைக் கேட்கலாம்.

வெள்ளைக்கழிச்சல் தடுப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். முதல் வாரத்தில் சொட்டு மருந்து, நாட்டுக்கோழிக்கு எட்டாவது வாரத்தில் இறக்கை ஊசி. அது அந்த நோய்க்கு வேலி. கிளாஸ்டிரிடியத்துக்கு அப்படிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க நம் கிராமத்துக் கோழிக்கு வழக்கத்தில் ஊசி கிடையாது.

ஆக, நேயர்களே, நினைவில் வைக்க வேண்டியவை நாலு. கூளம் காய்ந்திருக்கட்டும். ரத்தக்கழிச்சலை அண்ட விடாதீர்கள். தீனியைத் திடீரென்று மாற்றாதீர்கள். செத்ததை அன்றைக்கே குழியில் புதையுங்கள். முதல் மூன்றும் அவரவர் கொட்டகைக்கு. நாலாவது ஊருக்கே. ஒரு வீட்டார் வேலிக்கு அப்பால் வீசினால் தெருவே இழக்கும். ஊர் கூடிப் பொதுவாக ஒரு குழி தோண்டி வைக்க அரை நாள் வேலைதான். இந்த வாரமே தோண்டிவிடுங்கள்.